திருடனை அடிக்கலாமா? வேலிக்கு கரண்ட் விடலாமா?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மகன் சிங்கப்பூரில். வீட்டில் நானும் மனைவியும்தான். போன மாதம் பக்கத்து வீட்டில் கொல்லைக் கதவை உடைத்து நுழைந்திருக்கிறார்கள். ராத்திரியில் யாராவது வந்தால் அடிக்கலாமா? வேலியில் கரண்ட் விடச் சொல்கிறார்கள், விடலாமா?”

அடிக்கலாம். தற்காப்பு உரிமை, இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. 2024 ஜூலைக்கு முன் இ.பி.கோ. 96 முதல் 106 வரை இருந்ததுதான் இது. எண் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான். பொழுது சாய்ந்து விடிவதற்குள் கதவை உடைத்து வீட்டுக்குள் நுழைந்தவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் உங்களைக் காப்பாற்ற 41-வது பிரிவு உண்டு. தேவைக்கு மேல் அடித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். பயந்து நிற்பவன் அடியைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொள்கிறது.

கொல்லையில் தேங்காய் பறிப்பவனும் களத்தில் நெல் மூட்டை தூக்குபவனும் வேறு கணக்கு. தடுக்கலாம், அவனுக்கு அடிபட்டாலும் பரவாயில்லை. அவன் உயிர் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அரிவாளை ஓங்கினான் என்றால் அது தனிக் கதை.

நம் பக்கத்தில் வழக்கு பிறப்பதே பிடித்த பிறகுதான். தென்னை மரத்தில் கட்டிவைத்து, தெருவே ஆளுக்கு ஓர் அடி போடும். விடியும்போது மூச்சு இருக்காது. எஃப்.ஐ.ஆரில் முதல் பெயர் வீட்டுக்காரருடையது. ஆள் கைக்கு வந்துவிட்டால் தற்காப்பு முடிந்தது. உடனே போலீஸில் ஒப்படையுங்கள், அதிகபட்சம் ஆறு மணி நேரம்தான்.

சரி, கரண்ட் விஷயம். கூடவே கூடாது. பீகாரில் ஒருவர் தன் கக்கூஸை அக்கம்பக்கத்தார் உபயோகிக்கிறார்கள் என்று கோபப்பட்டு, அதில் மின்கம்பி கட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் செத்துப்போனாள். “என் இடம், அத்துமீறி வந்தது அவள்தானே” என்றார். 1963-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, தண்டனை நின்றது. கம்பிக்குத் திருடன் யார், தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் யார், கன்றுக்குட்டியைத் தேடி வரும் பையன் யார் என்று தெரியுமா? “லைட்டா ஷாக் அடிக்கும், அவ்வளவுதான்” என்று சொல்லும் எலக்ட்ரீஷியன் உங்களோடு கூண்டில் ஏற மாட்டார்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் உடனே 112-க்குப் பேசுங்கள். இடத்தைக் கழுவாதீர்கள். செத்தவன் கையில் அரிவாளைச் செருகச் சொல்லும் யோசனைக்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நல்ல தற்காப்பு வழக்கு நாசமாவது இவர்களால்தான்.

அப்புறம், ஸ்டேஷனில் காயம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் பாவப்பட்ட பக்கம். “தற்காப்பா? கோர்ட்டில் சொல்லிக்கொள்” என்பார்கள். கோர்ட்டில் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில், வாய்தா மேல் வாய்தாவாக. இந்த அலுப்பை வைத்துப் பிழைப்பவர்தான் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, “கவுண்டர் கேஸ் வராம பார்த்துக்கிறேன்” என்று, அதாவது திருடன் தரப்பு உங்கள் மேல் எதிர்ப்புகார் கொடுக்காமல் தடுப்பதாகச் சொல்லி, பணம் கேட்பவர். வெற்றுத்தாளில் கையெழுத்தும் கேட்பார். போடாதீர்கள். நீங்கள் கொடுத்த புகாருக்கான எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், சட்டப்படி தந்தாக வேண்டும். புகாரையே வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.