காயலான் கடைச் சாமானில் பொம்மை: கேள்வி பதில்

கும்பகோணம் பக்கம் இருந்துகொண்டு, கரண்டி, பூட்டு, பம்புசெட் நட்டு என்று கையில் கிடைப்பதை வைத்துக் குறும்புப் பொம்மைகள் செய்கிறேன். பள்ளிகளிலும் மண்டபங்களிலும் வகுப்பும் எடுக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: அக்கா, ஆரம்பிக்க ஆசை. முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு குறடு, ஒரு ஆக்ஸா பிளேடு, ஓர் அரம், கொஞ்சம் கட்டுக்கம்பி. அவ்வளவுதான் தம்பி, மற்றதெல்லாம் ஊரிலேயே கிடக்கிறது. சைக்கிள் கடையில் தேய்ந்த செயினும் பல்சக்கரமும் ஓரமாகக் கிடக்கும். பம்புசெட் மெக்கானிக்கிடம் பழைய பேரிங்கும் வால்வும் இருக்கும், தையல் கடையில் துருப்பிடித்த பாபின் கேட்டால் சும்மாவே தருவார்கள். காயலான் கடையில் எடைக்குத்தான் விலை. பொம்மை செய்யப் போகிறேன் என்று மட்டும் அங்கே வாய்விட்டுச் சொல்லாதீர்கள், விலை ஏறிவிடும். போகிக்கு முந்தைய வாரம் தெருத்தெருவாக ஒரு நடை போனால் வருஷத்துக்கான சரக்கு சேர்ந்துவிடும்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. வரப்போரம் கிடக்கிற பூச்சிமருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. பழைய டிவி பிக்சர் டியூப், வீங்கிய பேட்டரி இவையும் வேண்டாம். செம்புக் கம்பிக்காக ஒயரைக் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் அந்தப் புகைப் பக்கமே போகாதீர்கள். அப்புறம், துருப்பிடித்த இரும்போடு பழகுகிறவர் டிடி ஊசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பாபநாசம், இல்லத்தரசி: நிறையச் சாமான் சேர்த்து ஒட்டுகிறேன். கடைசியில் பார்த்தால் குப்பைக் குவியலாகத்தான் தெரிகிறது, உயிரே வரவில்லை. ஏன் அக்கா?

சேர்க்கிறீர்களே, அதனால்தான். என்னிடம் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே சிக்கல். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. காலி இடம் தெரிந்தால் ஒரு வாஷரை ஒட்டிவிடத் தோன்றுகிறது.

1942இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். இரண்டே சாமான்கள். சீட் முகமாகவும் ஹேண்டில்பார் கொம்பாகவும் ஆகிவிட்டன. அதைப் பார்க்கிறவருக்குக் காளையும் தெரிகிறது, சைக்கிளும் தெரிகிறது. சிரிப்பு வருவது அந்த இரண்டும் சேர்ந்து தெரிவதால்தான். நீங்கள் பெயின்ட் அடித்துச் சைக்கிளை மறைத்துவிட்டால் மிஞ்சுவது சுமாரான ஒரு காளை பொம்மை.

இன்னொன்று நிற்கிற விதம். இப்போது என் மேசையில் ஒரு நாயனக்காரர் இருக்கிறார். கவிழ்த்த பித்தளை டவராதான் தொந்தி. தலைக்குப் பழைய கதவுக் குமிழ். நாதஸ்வரம், மண்ணெண்ணெய் ஊற்றுகிற சின்னத் தகரப் புனல். நேராக நிறுத்தினால் அவர் வெறும் குத்துவிளக்கு. இடுப்புக் கம்பியை ஒரு விரல் அகலம் பின்னால் வளைத்து, புனலைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊதுகிறார். நரசிங்கம்பேட்டையில் செய்கிற நாதஸ்வரத்தைக் கையில் எடுத்தவர் யாரும் விறைப்பாக நின்று ஊதிப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஒட்டுவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்கிற மனிதர் எப்படி நிற்கிறார் என்று போய்ப் பாருங்கள். நாற்று நடுகிறவரின் முதுகு, மாடு ஓட்டுகிறவரின் கழுத்து, டீ ஆற்றுகிறவரின் இரண்டு கைகளுக்கு நடுவே உள்ள தூரம். உயிர் அதில்தான் இருக்கிறது, சாமானின் எண்ணிக்கையில் இல்லை.

கண்ணை இரண்டும் ஒரே அளவில் வைக்காதீர்கள். ஒரு பெரிய வாஷர், ஒரு சின்ன வாஷர் போதும், குறும்பு தானாக வந்துவிடும். பித்தளையைப் புளி போட்டு முழுக்கத் தேய்த்துவிடவும் வேண்டாம். மூக்கு நுனியையும் தொந்தியையும் மட்டும் தேய்த்து, மற்ற இடத்தில் பழைய நிறத்தை விட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர், வங்கி ஊழியர்: என் பொம்மை நிற்கவே மாட்டேன் என்கிறது. தொட்டால் கவிழ்கிறது.

தஞ்சாவூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா சார்? தலையாட்டிப் பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பாகம் உருண்டை, கனமெல்லாம் அங்கேதான். மேலே காகிதக் கூழ், லேசு. எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

அதையே பழைய சாமானில் செய்யலாம். அரைக் கொட்டாங்கச்சியின் அடியில் தேய்ந்த பேரிங் குண்டுகளை நெருக்கமாக அடுக்கி, அசையாதபடி எம்-சீல் வைத்து அப்புங்கள். உள்ளே குண்டு உருண்டால் பொம்மை ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடக்கும். மேல் உடம்புக்கு இரும்பு கூடாது. மாட்டுப் பொங்கல் முடிந்ததும் மாட்டுக் கழுத்திலிருந்து கழற்றிப் போடுகிற நெட்டி மாலையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட லேசான பொருள் நம் ஊரில் கிடைக்காது. கத்தி புதிதாக இருந்தால் நெட்டி வெண்ணெயாக வெட்டும், மழுங்கியிருந்தால் பிய்ந்துபோகும்.

திருத்துறைப்பூண்டி, மெக்கானிக்: ஃபெவிக்விக் போட்டேன், நாலு நாளில் கை கழன்றுவிட்டது. வெல்டிங்தான் வழியா?

வெல்டிங் தெரிந்தால் நல்லது. ஆனால் நாகம் பூசிய இரும்பில், அதாவது ஜி.ஐ. பைப், வாளி போன்றவற்றில் வைக்காதீர்கள், அந்தப் புகையால் காய்ச்சல் வரும். தெரியாதவர்களுக்கு நான் சொல்வது: முதலில் கட்டு, அடுத்தது திருகு, கடைசியில்தான் பசை. பசையை மட்டும் நம்பிய மூட்டு ஒருநாள் உதிரத்தான் செய்யும். கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி, அதன் மேல் எம்-சீல் வையுங்கள். உலோகத்துக்கு அரால்டைட். அதன் இரண்டு டியூப்பையும் சம அளவு கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஒன்றைக் கூட்டினால் கெட்டிப்படவே படாது. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். ஃபெவிக்விக் பிடித்து நிறுத்தத்தான், தாங்குவதற்கு இல்லை.

வேதாரண்யம், விவசாயி: கஜா புயலில் விழுந்த தென்னையை அறுத்த பலகைத் துண்டுகள் இன்னும் கொல்லையில் கிடக்கின்றன. கடற்கரையில் கட்டைகளும் ஒதுங்குகின்றன. பொம்மைக்கு ஆகுமா?

ஆகும் ஐயா. 2018 நவம்பரில் விழுந்த மரம், இத்தனை வருஷம் மழையில் கிடந்திருந்தால் நடுப்பகுதி போயிருக்கும். தென்னையில் வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே சோறு. ஆணியும் திருகும் வெளிப்பக்கத்தில் இறக்குங்கள். தட்டினால் மாவு உதிர்ந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேரம் போர்டில் போடுகிற போரிக் பவுடரையும் வெங்காரத்தையும் (போராக்ஸ்) வெந்நீரில் கரைத்து, இரண்டு மூன்று தடவை பூசி வெயிலில் காயவிடுங்கள். பிள்ளைகள் கைக்கு அந்தத் தண்ணீர் எட்டக் கூடாது.

கடலில் ஒதுங்கிய கட்டையை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் இறக்குகிற ஆணி அதற்குள்ளேயே துருவாகிவிடும். நாகை, வேதாரண்யம் காற்றுக்கு இரும்புப் பொம்மையை வார்னிஷ் இல்லாமல் வெளியே வைக்கவே வேண்டாம்.

பங்குனி ஆமையின் ஓடு, பவளப்பாறைத் துண்டு இவை கரையில் செத்து ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. இரண்டும் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன.

திருவாரூர் பக்கம், பெயர் வேண்டாம்: வயல் உழும்போது செம்பு விளக்கு மாதிரி ஒரு துண்டு கிடைத்தது. பொம்மையில் வைக்கலாமா?

வைக்காதீர்கள், தேய்க்கவும் செய்யாதீர்கள். மண்ணுக்குள் கிடைத்த பழம்பொருளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878இலேயே புதையல் சட்டம் இருக்கிறது. விஏஓவிடமோ தாசில்தாரிடமோ கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சோழர் ஊரில் மண்வெட்டி வைத்தால் எது வரும் என்று யாருக்குத் தெரியும்!

கும்பகோணம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: சுவாமிமலை ஸ்தபதிகள் இருக்கிற ஊரில் ஓட்டை உடைசலைச் சேர்த்துவிட்டுச் சிற்பம் என்கிறீர்கள். இது கலைதானா அம்மா?

ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உரு எடுத்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் வார்க்கிறார்கள். தாள அளவு, அதாவது உருவத்தின் உறுப்புகளுக்குச் சிற்ப மரபு வகுத்த அளவுக் கணக்கு, தவறினால் அது சாமி ஆகாது. அந்த வேலையோடு என்னுடையதை நான் ஒருநாளும் ஒப்பிட்டதில்லை ஐயா. அவர்களுக்கு அளவு முதலில், உலோகம் பிறகு. எனக்குச் சாமான் முதலில். அது என்னவாக ஆக விரும்புகிறது என்பது பிறகு. ஆனால் உடைசலை மதிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கிய குடும்பங்கள்தானே நாமெல்லாம்?

சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் உடைந்த வளையல், பீங்கான், சைக்கிள் பாகங்களை வைத்து யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் வருஷக்கணக்காக உருவங்கள் செய்துகொண்டிருந்தார். அரசு நிலம் என்று தெரிந்தும் அதிகாரிகள் அதை இடிக்கவில்லை. 1976இல் ‘ராக் கார்டன்’ என்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து இதே கேள்வியைக் கேளுங்கள், பேசுவோம்.

நீடாமங்கலம், அரசுப் பள்ளி ஆசிரியை: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருநாள் பயிற்சி நடத்த வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

டீச்சர், முதல் அரை மணி நேரம் பசையைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். சாமான்களைப் பாயில் கொட்டி, பிரிக்கச் சொல்லுங்கள்: தலை ஆகக்கூடியது, உடம்பு ஆகக்கூடியது, கை கால். இதிலேயே சண்டையும் சிரிப்பும் வரும். ஒரு கரண்டியை ஒருவன் தலை என்பான், இன்னொருத்தி துடுப்பு என்பாள். அந்தச் சண்டைதான் பாடம். பிறகு ஒட்டாமல் பாயிலேயே அடுக்கிப் பார்க்கட்டும், மூன்று விதமாக மாற்றி அடுக்கட்டும். அதற்கப்புறம் பசை.

மாதிரிப் பொம்மை ஒன்றைச் செய்து முன்னால் வைத்துவிடாதீர்கள். வைத்தால் நாற்பது பிள்ளைகளும் அதையே செய்வார்கள். ‘இன்று கோபமாக இருக்கும் ஒருவரைச் செய்யுங்கள்’, ‘பஸ்ஸை விட்டுவிட்டவரைச் செய்யுங்கள்’ என்று ஒரு வரி மட்டும் சொல்லுங்கள்.

சாமானை முந்தைய நாளே நீங்கள் கழுவி, கூர்முனையை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். கொட்டாங்கச்சி, பன்னாடை, நுங்குக் கோந்தை, புளியங்கொட்டை, பாட்டில் மூடி இவை பாதி இருக்கட்டும்; எல்லாம் இரும்பாக இருந்தால் சின்னக் கைகள் சோர்ந்துவிடும். ஆக்ஸா பிளேடும் குளூ கன்னும் பெரியவர் கையில் மட்டும். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் இல்லையென்றால் வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முடிந்ததும் பொம்மைக்குப் பெயர் வைத்து, அது யார் என்று ஒரு நிமிடம் பேசச் சொல்லுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அன்றைக்குப் பேசும்.

மயிலாடுதுறை, கைவினைப் பயிற்சியாளர்: பெரியவர்களுக்கான வகுப்புக்குக் கட்டணம் எப்படி வைப்பது? கேட்டால் ‘குப்பைதானே’ என்கிறார்கள்.

இடம், டீ, பசை, கம்பி, சாமான் தேடிக் கழுவிய உங்கள் நேரம், இத்தனையும் கூட்டுங்கள். வந்தே தீருவார்கள் என்று நம்பக்கூடிய குறைந்தபட்ச ஆட்களால் வகுங்கள். மண்டபம் நிறையும் என்று கணக்குப் போட்டால் கைக்காசு போகும். பாதியை முன்பணமாக வாங்கிவிடுங்கள். இலவசம் என்று சொன்னால் பேர் கொடுத்தவர்களில் பாதி வரமாட்டார்கள். குப்பைதானே என்கிறவரிடம் வாதாட வேண்டாம். குப்பையை அவரே கொண்டுவரட்டும், கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னவர் ஒருவர் கரி இஸ்திரிப்பெட்டியோடு வந்தார், அதை முதலையாக்கிக்கொண்டு போனார்.

விற்க நினைத்தால் நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னால் தயாராக இருங்கள். கொலுப் படியில் புதிதாக ஒன்று வேண்டும் என்று தேடுகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். கல்யாண செட்டு, கச்சேரி செட்டு என்று தொகுப்பாகச் செய்தால் சீக்கிரம் போகும். தனிப் பொம்மைக்குப் பேரம் அதிகம்.