ஆளே இல்லாத ஆட்டத்துல மெடலா?

கேள்வி: பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல வெள்ளி வாங்கின துளசிமதி முருகேசனுக்கு நம்ம கவர்மெண்ட் 2 கோடி தூக்கிக் குடுத்துச்சு. குரூப்ல மொத்தமே மூணு பேர், ரெண்டு மேட்ச் ஜெயிச்சா செமிஃபைனல், இதெல்லாம் ஒரு போட்டியா சார்? சிந்து ஆடுறதும் இதுவும் ஒண்ணா? அப்படியே இன்னொரு சந்தேகம். என் தங்கச்சி பையனுக்கு இடது கை சரியா மடங்காது, ஆனா ஷட்டில் சூப்பரா ஆடுவான். அவனை இந்த பாரா பக்கம் சேத்து விட்டா ஈஸியா ஒரு கவர்மெண்ட் வேலை வாங்கிடலாமா?
ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: மொத கேள்வில அதெல்லாம் ஒரு போட்டியாங்கறீங்க, அடுத்த கேள்வில அதே போட்டியில உங்க மருமகனுக்கு துண்டு போட்டு இடம் பிடிக்கச் சொல்றீங்க. நல்லா இருக்கு சார். ரெண்டுக்கும் பதில் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

குரூப்ல மூணு பேர்ங்கறது உண்மைதான், மறைக்க ஒண்ணுமில்ல. ஏன் மூணு பேருன்னு யோசிச்சீங்களா? துளசிமதி மாதிரி கை சரியில்லாம பேட்மிண்டன் ஆடுற பொண்ணுங்க உலகத்துல மொத்தமே அவ்வளவுதான்னு நெனச்சுட்டீங்க போல. பாராலிம்பிக்ஸ்ல பேட்மிண்டனுக்கு மொத்தமா இத்தனை பேர்தான்னு ஒரு கோட்டா இருக்கு, அதை வீல்சேர்ல ஆடுறவங்களுக்கு ரெண்டு கிளாஸ், கால் பாதிப்புக்கு ரெண்டு, கை பாதிப்புக்கு ஒண்ணு, உயரம் கம்மியானவங்களுக்கு ஒண்ணுன்னு ஆறா பிரிச்சு, அதுலயும் ஆண் பெண், சிங்கிள்ஸ் டபுள்ஸ்னு பங்கு போட்டா ஒரு ஈவெண்ட்டுக்கு எத்தனை பேர் தேறுவாங்க? ரேங்கிங்ல மேல இருக்கிறவங்க மட்டும் உள்ள, மீதி பேரெல்லாம் வீட்ல உக்காந்து டிவில பாக்கணும். வடிகட்டுறது எல்லாம் முந்தின வருஷமே ஊர் ஊரா டோர்னமெண்ட் போயி முடிஞ்சிருக்கும், நீங்க கடைசி வாரத்தை மட்டும் பாத்துட்டு கூட்டத்தைக் காணோமேங்கறீங்க.

சரி, அந்தக் கொஞ்ச பேர்ல யார் இருந்தாங்கன்னு பாப்போம். செமிஃபைனல்ல துளசிமதிக்கு எதிர்ல நின்னது மனிஷா ராமதாஸ். உங்க அம்பத்தூர்ல லோக்கல் ட்ரெயின் ஏறினா முக்கா மணி நேரத்துல வர்ற திருவள்ளூர்க்காரப் பொண்ணு. பொறக்கும்போதே வலது கை நரம்புல பாதிப்பு. 2022-ல உலக சாம்பியன், அந்த வருஷத்தோட சிறந்த பாரா பேட்மிண்டன் வீராங்கனைன்னு உலக ஃபெடரேஷனே தேர்ந்தெடுத்த ஆளு. அவங்களை 23-21, 21-17-னு தாண்டித்தான் துளசிமதி ஃபைனலுக்குப் போனாங்க. ஃபைனல்ல யாங் சியூஷியா, டோக்யோல தங்கம் வாங்கின சீனாக்காரங்க. பாரிஸுக்கு முந்தின வருஷம் ஹாங்சோ ஆசிய பாரா கேம்ஸ் ஃபைனல்ல அதே யாங்கை துளசிமதி ஜெயிச்சு தங்கம் வாங்கிட்டாங்க, பாரிஸ்ல யாங் பதிலுக்கு 21-17, 21-10-னு திருப்பிக் குடுத்துட்டாங்க. மனிஷா டென்மார்க் பொண்ணை அடிச்சு வெண்கலம். 2024 செப்டம்பர் 2, ஒரே நாள்ல ரெண்டு மெடல், இந்தியப் பெண்கள் பாராலிம்பிக்ஸ் பேட்மிண்டன்ல வாங்கின மொத மெடல்களே அதுதான். அன்னைக்கே ஓசூர்ப் பொண்ணு நித்யஸ்ரீ சுமதி சிவன் எஸ்ஹெச்6-ல, அதாவது உயரம் கம்மியானவங்க கிளாஸ்ல, இன்னொரு வெண்கலம். இந்தியாவுக்கு அங்க பேட்மிண்டன்ல வந்தது மொத்தம் 5 மெடல், அதுல மூணு நம்ம ஊர்ப் பொண்ணுங்களோடது. இத்தனைக்கும் ஆளே இல்லாத ஆட்டம்!

சிந்து ஆடுறதும் இதுவும் ஒண்ணான்னு கேட்டீங்கல்ல. இந்த ஞாயித்துக்கிழமை நீங்க ஆடுற கோர்ட்டுக்குப் போயி இடது கையை இடுப்போட சேத்து துண்டால கட்டிக்கிட்டு ஒரே ஒரு கேம் ஆடிப் பாருங்க. நாங்க ஆடுற இடத்துல ஒருத்தர் தோள்பட்டை ஆபரேஷன் ஆகி கையை தொட்டில் மாதிரி தொங்க விட்டுக்கிட்டு, ஒரு கைதானே போச்சு ஆடுறேன்னு இறங்கினார். சர்வீஸ் போடவே முடியல, ஷட்டிலைப் பிடிக்கிறது அந்தக் கைதானேன்னு அப்பதான் அவருக்கே உறைச்சுது, ராக்கெட் மேலயே வச்சு எத்திப் பாத்தார், மூணும் நெட்ல. அதை விடுங்க, தலைக்கு மேல டாஸ் வந்தப்போதான் வேடிக்கை. பேக் கோர்ட்டுக்கு ஓடி ஸ்மாஷ் அடிக்க ஓங்குறப்போ சும்மா இருக்கிற கை சும்மா இருக்கிறதே இல்ல, அது மேல எழும்பி ஷட்டிலைக் காட்டிக்கிட்டு நிக்கும், அதை வெடுக்குனு கீழ இழுக்கும்போதுதான் தோள் திரும்பும், தோள் திரும்பினாத்தான் அடியில வேகம் வரும், இறங்கும்போது உடம்பு சாயாம இருக்கும். அது இல்லாததால மனுஷன் அடிச்ச அடில ஒரு பக்கமா சுத்தி சுவத்துல போயி சாஞ்சார். எஸ்யூ5-ன்னு சொல்ற கை பாதிப்பு கிளாஸ்ல கோர்ட்டைக் குறைக்கிறதும் இல்ல, நெட்டைத் தாழ்த்துறதும் இல்ல. சிந்து ஓடுற அதே முழு கோர்ட், அதே நெட்.

குறைக்கிற கிளாஸும் இருக்கு, அதையும் நானே சொல்லிடறேன், இல்லன்னா அடுத்த வாரம் அதையும் கேப்பீங்க. கால் பாதிப்பு அதிகமா இருக்கிற எஸ்எல்3 சிங்கிள்ஸ் பாதி கோர்ட்தான். அகலம் பாதி, நீளம் அப்படியே. குறுக்கால ஆங்கிள் வச்சு பாயிண்டை முடிக்க இடமே கிடையாது, நெட்டுக்கு முன்னாடி ஒண்ணு, கடைசி கோட்டுல ஒண்ணுன்னு முன்னாடியும் பின்னாடியும் இழுத்தடிச்சுக்கிட்டே இருப்பாங்க, பாதிப்பே கால்லதான்ங்கறதை மறந்துடாதீங்க. பாரிஸ்ல நம்ம நிதேஷ் குமார் தங்கம் வாங்கின எஸ்எல்3 ஃபைனல், பிரிட்டன்காரர் டேனியல் பெத்தெல் கூட, 21-14, 18-21, 23-21, நூறு ஷாட்டைத் தாண்டின ரேலியெல்லாம் அதுல இருந்துச்சு.

நீங்க கேக்காத ஒண்ணுதான் எனக்கு முக்கியம். நம்ம ஆளுங்களோட கேரியரைத் தீர்மானிக்கிறது எதிர்ல நிக்கிறவங்க மட்டும் இல்ல, எந்தெந்த ஈவெண்ட் இருக்கும்னு எங்கயோ உக்காந்து போடுற ஒரு லிஸ்ட்டும்தான். மானசி ஜோஷியை எடுத்துக்குங்க. மும்பைல சாஃப்ட்வேர் இஞ்சினியர், 2011-ல ஸ்கூட்டர்ல போறப்போ லாரி மோதி இடது கால் போச்சு. செயற்கைக் கால் போட்டுக்கிட்டு ஆட ஆரம்பிச்சு, ஹைதராபாத் கோபிசந்த் அகாடமில பயிற்சி எடுத்து, 2019 ஆகஸ்ட்ல ஸ்விட்சர்லாந்து பாசெல்ல எஸ்எல்3 உலக சாம்பியன் ஆனாங்க. அதே ஊர், அதே வாரம்தான் சிந்துவும் உலக சாம்பியன். நாடு முழுக்க சிந்து போஸ்டர், மானசி ஜெயிச்ச சேதி பல பேருக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. அதாவது பரவால்ல. ரெண்டு வருஷம் கழிச்சு டோக்யோல பேட்மிண்டன் மொத மொறையா பாராலிம்பிக்ஸ்க்குள்ள வருது, 14 ஈவெண்ட். ஆண்கள் எஸ்எல்3 சிங்கிள்ஸ் இருக்கு, பெண்கள் எஸ்எல்3 சிங்கிள்ஸ் லிஸ்ட்லயே இல்ல. உலக சாம்பியனுக்கு ஆட ஈவெண்ட்டே இல்ல சார்! பாரிஸ்ல 16 ஈவெண்ட் ஆக்கி அதைச் சேத்தாங்க, அதுக்குள்ள மானசிக்கு 35 வயசு, ரெண்டு மேட்ச்சையும் மூணாவது கேம் வரைக்கும் இழுத்துட்டுப் போயி தோத்து குரூப்லயே வெளிய வந்துட்டாங்க.

துளசிமதிக்கும் இந்த லிஸ்ட் ஒரு வேலை பண்ணுச்சு. டபுள்ஸ்ல ரெண்டு பேரோட கிளாஸ் நம்பரைக் கூட்டினா 8-ஐத் தாண்டக் கூடாது. எஸ்யூ5 ஆளுக்கு எஸ்எல்3 ஆளுதான் ஜோடி, 5-ம் 3-ம் எட்டு, வேற வழியில்ல. அப்படித்தான் காஞ்சிபுரத்துப் பொண்ணும் மும்பைல கால் போன மானசியும் ஜோடி சேந்து ஹாங்சோல பெண்கள் டபுள்ஸ்ல வெள்ளி வாங்கினாங்க. டோக்யோல இருந்த அந்த ஈவெண்ட்டை பாரிஸ்ல தூக்கிட்டாங்க. ஒரு மெடல் வாய்ப்பு ஆடாமலே காலி. இதே மாதிரி ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் டபுள்ஸை அடுத்த தடவை கிடையாதுன்னு சொன்னா நாம சும்மா இருப்போமா?

சலுகைன்னு ஏதாவது இருக்குன்னு நெனக்கிறீங்களா? ஊக்கமருந்து சோதனைக்கு தினமும் எங்க இருப்போம்னு முன்கூட்டியே பதிஞ்சு வைக்கணும், வந்து பாக்குறப்போ ஆள் இல்லன்னா அது ஒரு தப்பு, 12 மாசத்துல மூணு தப்பு ஆச்சுன்னா தடை. டோக்யோ தங்கம் பிரமோத் பகத் இதுலதான் 18 மாசம் தடை வாங்கி பாரிஸ்க்கே போகல. சிந்துவுக்கு என்ன ரூலோ அதேதான்.

2 கோடியைப் பத்தி எனக்கும் எரிச்சல் உண்டு, உங்க எரிச்சல் இல்ல அது. மெடல் கழுத்துல விழுந்தப்புறம் குடுக்கிற செக்குக்கு கேமரா வரும், மேடை வரும். அதுக்கு முன்னாடி ஷட்டில் டப்பாவுக்கும் ட்ரெயின் டிக்கெட்டுக்கும் வீட்ல யாரோதான் கைய விடணும். துளசிமதிக்கு அப்பாதான் மொத கோச், கால்நடை மருத்துவப் படிப்பையும் விடாம நாமக்கல் காலேஜ்ல படிச்சுக்கிட்டே ஆடின பொண்ணு அது. நம்ம சென்னைலயே தெருவுக்கு ஒரு ஷீட் போட்ட ஷட்டில் கோர்ட் முளைச்சிருக்கு, மணிக்கு இவ்வளவுன்னு ஸ்லாட் போட்டு காசு பாக்குறாங்க, எத்தனை இடத்துல வாசப்படி பக்கத்துல ஒரு சாய்தளம் இருக்கு? வீல்சேர் நுழையற மாதிரி ஒரு டாய்லெட்? நாங்க ஆடுற இடத்துலயே மூணு படி ஏறி, ஒரு சின்ன வாய்க்காலைத் தாண்டி, செருப்பு குமியலை மிதிச்சுத்தான் உள்ள போகணும். ஓனர்கிட்ட சொன்னா அப்படி யாரும் வர்றதில்லியே சார்ங்கறார். எப்படி வருவாங்க?

உங்க மருமகன் விஷயத்துக்கு வர்றேன். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தாலே பாரா பேட்மிண்டன் ஆடிட முடியாது. அது வேற கணக்கு, இது வேற கணக்கு. விளையாட்டுக்குன்னு தனியா ஒரு குறைந்தபட்ச பாதிப்பு அளவு வச்சிருக்காங்க, கையை எவ்வளவு தூக்க முடியுது, மடக்க முடியுது, பலம் எவ்வளவுன்னு அதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க அளந்து பாப்பாங்க, கோர்ட்ல ஆடுறதையும் பாப்பாங்க. பாதிப்பு அந்த அளவை விடக் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் நீ தகுதி இல்லன்னு அனுப்பிடுவாங்க, அப்படி அழுதுக்கிட்டே திரும்பின பசங்க உண்டு. கிளாஸ் குடுத்தாலும் அதுவே சாசுவதம்னு இல்ல. நம்ம வீராங்கனை பலக் கோலி டோக்யோல எஸ்யூ5, அப்புறம் கால்ல பிரச்சனை வந்து பாரிஸ்ல கால் பாதிப்புக்கான எஸ்எல்4-ல ஆடினாங்க, மொத்த ஆட்டத்தையும் மறுபடி கத்துக்கிட்ட மாதிரிதான்.

வேலைக்கு 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு தமிழ்நாட்டுல இருக்கு, உண்மைதான். ஆனா அதுக்கு சாதனை சர்டிபிகேட் வேணும், டிஸ்ட்ரிக்ட்ல ஒரு கப்பு வாங்கினேன்னு போயி நின்னா வேலை நடக்காது. ஈஸிங்கற வார்த்தையை மட்டும் பையன் காதுல போட்டுடாதீங்க. பெரியமேடு நேரு ஸ்டேடியத்துல விளையாட்டு மேம்பாட்டு ஆணைய ஆபீஸ் இருக்கு, டாக்டர் சர்டிபிகேட்டோட அவனையும் கூட்டிட்டுப் போங்க, ஸ்டேட் லெவல் பாரா செலக்‌ஷன் எப்போன்னு விசாரிங்க. அவனோட வயசு என்ன, எந்தக் கையில ஆடுறான்னு நீங்க எழுதவே இல்ல, அடுத்த லெட்டர்ல அதை எழுதுங்க.