குழந்தைகளோடு ஜெர்மனிக்குக் குடிபெயரலாமா? உடன் வந்த ஒருத்தியின் பதில்

கோவையில் இயந்திரப் பொறியாளர், வயது 33, நான்கு வயதில் மகள், ஒரு வயதில் மகன். ஸ்டுட்கார்ட் அருகே வேலை கிடைத்திருக்கிறது, புளூ கார்டு (பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வேலை அனுமதி) விசாவில் குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம், வரி, வாடகை, சேமிப்பு எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் வேலை பார்க்கும் உங்கள் மனைவியைப் பற்றி மட்டும் மூன்றே சொற்கள்: "மனைவியும் உடன் வருவார்."

2021 அக்டோபரில் அப்படி உடன் வந்தவள் நான். சம்பளக் கணக்கை இங்கே பலரும் நன்றாகவே போட்டுக் காட்டுவார்கள். உடன் வருபவருக்கு என்ன நடக்கிறது என்பதை நான் எழுதுகிறேன்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பும் எடுத்தேன். கிளம்பும்போது மகனுக்கு மூன்றரை வயது, மகளுக்குப் பத்து மாதம். "ஒரு வருடம் வீட்டில் இரு, பிறகு அங்கேயே ஏதாவது பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம்" என்று கணவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இருவருமே அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

இங்கே வாடகை வீடு பெரும்பாலும் சமையலறைச் சாமான்கள் இல்லாமல்தான் கிடைக்கும். அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றி எடுத்துப் போயிருந்தார். சுவரிலிருந்து இரண்டு குழாய் முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒற்றை மின் அடுப்பைத் தரையில் வைத்து ஐந்து வாரம் சமைத்தேன், பாத்திரங்களைக் குளியலறையில் கழுவினேன். அதையெல்லாம் கஷ்டம் என்றே நான் சொல்ல மாட்டேன். வீடு கொஞ்சம் கொஞ்சமாக அமைந்துவிட்டது.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. புளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு வந்த நாளிலிருந்தே வேலை செய்யும் உரிமை உண்டு. விசாவுக்கு ஜெர்மன் மொழிச் சான்றிதழும் கேட்பதில்லை. அது சலுகை என்று நாங்கள் மகிழ்ந்தோம். அதனாலேயே ஒரு சொல்கூடப் படிக்காமல் விமானம் ஏறினேன். ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் 'கீட்டா' எனப்படும் மழலையர் காப்பகத்தில் இடம் பெறும் உரிமையும் 2013 ஆகஸ்ட் முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்கள் போதவில்லை, ஆகவே காத்திருப்போர் பட்டியல் நீளம். எங்கள் ஊரில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு முன்னுரிமை. நான் வேலையில் இல்லாததால் எங்கள் பெயர் கீழே இருந்தது. வேலைக்குப் போகலாம் என்றால் ஜெர்மன் தெரிய வேண்டும். ஜெர்மன் படிக்க, குடியேறியவர்களுக்கென்று அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது, 600 மணி நேரம் மொழிப் பாடம். அதில் போய் உட்காரக் குழந்தைகளை எங்காவது விட்டாக வேண்டும். விடுவதற்குக் கீட்டாவில் இடம் இல்லை.

இந்தச் சுற்றுக்குள் பதினொரு மாதம் இருந்தேன். ஊரில் என்றால் அமுச்சி (அம்மாவின் அம்மா) ஒருத்தி, பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி இருப்பார்கள், பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். இங்கே டிசம்பரில் மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஒரு நாள் கணவர் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, "இன்று பெரியவர்கள் யாரோடும் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை" என்றேன். அவர் காலணியைக் கழற்றாமல் அங்கேயே வெகுநேரம் நின்றார். எங்கள் முடிவைப் பற்றி நாங்கள் உண்மையாகப் பேசியது அன்றைக்குத்தான். கோவையிலேயே பேசியிருக்க வேண்டிய பேச்சு அது.

அந்தப் பேச்சில் வந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. இங்கே பெற்றோர் விடுப்பு தந்தைக்கும் உண்டு. முழு விடுப்புதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. பதினைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஆறு மாதம் பணியாற்றியிருந்தால், குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்கலாம். எங்கள் மகள் பிறந்த தேதிப்படி அதிகபட்சம் வாரத்துக்கு 30 மணி நேரம்; 2021 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தை என்றால் 32 மணி நேரம். உங்கள் மகனுக்கு ஒரு வயதுதான், ஆகவே இந்த வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. கணவர் ஓர் ஆண்டுக்கு 30 மணி நேரமாகக் குறைத்துக்கொண்டார். சம்பளமும் அதற்கேற்பக் குறைந்தது, சேமிப்பு என்று ஒன்று அந்த வருடம் இல்லை. நான் வகுப்புக்குப் போனேன். அந்தப் பணம் போனதற்காக இன்றுவரை நாங்கள் வருந்தியதில்லை.

2022 செப்டம்பரில் இருவருக்கும் கீட்டாவில் இடம் கிடைத்தது. இவர்கள் பிள்ளையை முதல் நாளே விட்டுவிட்டுப் போகச் சொல்வதில்லை. முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ கூடவே உட்கார வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போகச் சொல்வார்கள். நடைபாதையில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம்: நத்தை, ஆப்பிள், ரயில். அவற்றில் சேறு காய்ந்த ரப்பர்க் கால்சட்டைகள் தொங்கின, ஏனென்றால் மழையிலும் பிள்ளைகள் வெளியேதான் விளையாடுவார்கள். அந்தக் கால்சட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு உள்ளே மகள் அழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சத்தம் நின்றது. ஆசிரியை கதவை லேசாகத் திறந்து காட்டினார். அவள் ஒரு மர ரயிலைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மகன் அழவில்லை. ஆனால் நான்கு மாதம் அங்கே வாயே திறக்கவில்லை. வீட்டில் ஓயாமல் தமிழில் பேசுகிற பிள்ளை. யாரும் அவனை வற்புறுத்தவில்லை. ஜனவரி கடைசியில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இன்று இன்னொரு பையனைக் கையைப் பிடித்து இழுத்து "கோம் மிட்" என்றான் என்று சொன்னார். "என்னோடு வா" என்று பொருள். உங்கள் மகளுக்கு நான்கு வயது. பள்ளியில் சேர ஏறக்குறைய இரண்டு ஆண்டு இருக்கிறது. மொழியைப் பொறுத்தவரை அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த முதல் சில மாத மௌனத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

நல்லவற்றையும் சொல்லியாக வேண்டும். கோவையில் கணவர் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகும், மகன் தூங்கியிருப்பான். இங்கே ஐந்தரைக்கு மூவரும் விளையாட்டுத் திடலில் இருப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தந்தையும் விடுப்பு எடுக்கலாம். அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு 2024, 2025 ஆண்டுகளில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 15 நாள், ஊதிய இழப்பின் பெரும்பகுதியைக் காப்பீடு ஈடுகட்டியது. வருமானம் இல்லாத மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அதே காப்பீட்டில் தனிக் கட்டணம் கிடையாது. குழந்தை உதவித்தொகை 2025-இல் தலைக்கு மாதம் 255 யூரோ. இவை நிம்மதி தருபவை, மறுக்க மாட்டேன்.

இப்போது நான் ஒரு தொடக்கப் பள்ளியின் பிற்பகல் பராமரிப்பில் வேலை செய்கிறேன். மதிய உணவுக்குப் பின் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில், குறிப்பாகக் கணக்கில் உதவுகிறேன். இயற்பியல் ஆசிரியை ஆகவில்லை. இங்கே பள்ளி ஆசிரியர் பொதுவாக இரண்டு பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும், ஜெர்மன் மிக உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும். என் பட்டங்களை அந்த அளவுக்குக் கொண்டுவர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளோடு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் மார்ச் மாதம் வந்தால், ஊரில் பொதுத்தேர்வு நடக்கும் நாட்களில், இயற்பியல் வினாத்தாளைத் தேடி எடுத்து முழுவதும் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் மனைவிக்கும் அப்படி ஒன்று இருக்கும். அது என்ன என்று கேட்டீர்களா?

பெற்றோர் விஷயம். 2023 கோடையில் அம்மா 90 நாள் விசாவில் வந்தார். 2024 மார்ச் 1 முதல், புளூ கார்டு போன்ற வேலை அனுமதியை முதன்முறையாகப் பெறுபவர்கள் பெற்றோரையும் அழைத்து உடன் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, உங்களுக்கு அது பொருந்தும். ஆனால் அவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டை நீங்கள் காட்ட வேண்டும். வயதானவர்களுக்கு அது கிடைப்பதுதான் பெரிய தடை. இதை நம்பி அவர்களிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அம்மா இருந்தபோது ஒரு நாள், "தண்ணீர் கொண்டு வா கண்ணு" என்றதற்கு மகள் "க்ளைஷ்" என்றாள். "இதோ வருகிறேன்" என்பதைத்தான் அவள் ஜெர்மனில் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆனால் எனக்குத் தாங்கவில்லை. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இந்த நாடெங்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவருகிறார்கள். அடுத்த மாதமே இருவரையும் அதில் சேர்த்தேன். அவர்கள் இந்த மண்ணில் தமிழைக் கட்டிக்காத்ததற்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொன்று: பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டால் நினைத்தபோது ஊருக்குப் போக முடியாது. பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம். எங்கள் மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கி ஆறு வாரம், டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும் நேரம். பொங்கலுக்குப் பொள்ளாச்சி என்பதெல்லாம் எங்களுக்கு முடிந்துவிட்டது. நான்காம் வகுப்பு முடிவில் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிப்பார்கள். திரும்பும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள் என்பது என் கருத்து.

போகலாமா என்றால், உங்கள் மனைவி தன் வேலை என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு, தன் வாயால் சம்மதம் சொன்னால் போகலாம். வங்கியில் நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேட்கட்டும், ராஜினாமாக் கடிதத்தை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். கோவையிலேயே ஜெர்மன் வகுப்பில் இன்றே சேரட்டும், அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளை நீங்கள் பாருங்கள். முடிந்தால் நீங்கள் மூன்று மாதம் முன்னால் வந்து, வீடு பிடித்து, முகவரியைப் பதிந்து, கீட்டா பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு அவர்களை அழையுங்கள்.

இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். அவருக்குக் கேட்க ஏதாவது இருந்தால் கீழே அவரே எழுதட்டும், கட்டாயம் பதில் சொல்கிறேன்.