எச்.ஓ. பலகையில் ஒரு மலை ஊர்: எங்கே தொடங்குவது?

கேள்வி: வணக்கம் சார். வீட்டில் 6-க்கு 4 அடி பிளைவுட் பலகையில் எச்.ஓ. அளவு மாதிரி ரயில் தண்டவாளத்தை நீள்வட்டமாகப் போட்டு ரயில் ஓட்டுகிறேன். சுற்றிலும் குன்னூர் மாதிரி ஒரு மலை ஊர் கட்ட ஆசை. கடையில் கிடைக்கிற, நாமே ஒட்டிச் சேர்க்கும் கட்டட கிட்கள் எல்லாம் ஐரோப்பிய வீடுகள், விலையும் கட்டுப்படியாகவில்லை. தெர்மாகோலில் ஒரு மலை செய்து ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன், குழிகுழியாக உருகிவிட்டது. எதில் தொடங்குவது? நீலகிரி ரயில் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்), என்னுடையது அது இல்லை, பரவாயில்லையா?

பதில்: முதலில் அந்த உருகின மலை. ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், ரப்பர் வாடை அடிக்கும் பசைகளும் அப்படித்தான். ஃபெவிகால், அக்ரிலிக் பெயிண்ட், சுவருக்கு அடிக்கும் எமல்ஷன், இந்த மூன்றும் தண்ணீரில் கலப்பவை என்பதால் தெர்மாகோலை ஒன்றும் செய்யாது. மலைக்கு மேல்தோல் வேண்டும் என்றால் மெடிக்கல் கடையில் எலும்பு முறிவுக்குக் கட்டுகிற பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பேண்டேஜ் கேளுங்கள். தண்ணீரில் நனைத்து இரண்டு அடுக்கு போர்த்திக் காயவிட்டால் பாறை மாதிரி இறுகிவிடும், அதற்கு மேல் என்ன பெயிண்ட் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

இனி முக்கியமான விஷயம். மலை ஊர் என்றதும் தண்டவாளத்தை ஏற்றத்தில் போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நிஜ ரயில் ஏறுவது ஏறக்குறைய 12-க்கு 1 என்ற சரிவு, அதுவும் தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் இருப்பதால்தான் முடிகிறது. பல் சட்டம் இல்லாத எச்.ஓ. எஞ்சின் 100-க்கு 3 ஏற்றத்திலேயே திணற ஆரம்பிக்கும், அப்படி உங்கள் பலகையின் 6 அடி நீளம் முழுக்க ஏற்றினாலும் கிடைக்கிற உயரம் இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தண்டவாளம் சமமாகவே இருக்கட்டும், நிலத்தை ஏற்றி இறக்குங்கள்.

எப்படி என்றால், பிளைவுட்டின் மேல் கெட்டி ரக தெர்மாகோலை 4 அங்குல உயரத்துக்கு அடுக்கி ஒட்டி, தண்டவாளத்தை அதன் மேலே போடுங்கள். பிறகு முன்பக்க விளிம்பை நோக்கி தெர்மாகோலைச் செதுக்கி இறக்குங்கள். அந்த 10 செ.மீ. பள்ளம் எச்.ஓ. கணக்கில், அதாவது 87-இல் ஒன்று என்ற அளவில், 8.7 மீட்டர் ஆழம், மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பின்பக்கம் ஓர் அடி உயரத்துக்கு மலையை ஏற்றிவிட்டால் சமமான தண்டவாளம் சரிவின் நடுவே வெட்டிப் போட்ட பாதையாகத் தெரியும். பலகையின் குறுக்கே சற்றுச் சாய்வாக ஒரு முகடும் வேண்டும். ரயில் முழு வட்டமும் கண்ணில் பட்டால் அது சுற்றுகிறது, ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் வந்தால்தான் எங்கோ போய்வருகிறது. சுரங்கம் வைத்தால் பின்னாலிருந்து கை நுழைகிற அளவு திறப்பு விடுங்கள். பெட்டி தடம் புரள்வது பெரும்பாலும் கை எட்டாத இடத்தில்தான்.

கட்டடங்களுக்கு வருவோம். கிட் வாங்கவே வேண்டாம், புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் கிடைக்கும் கிரே போர்டு போதும். அளவு கண்டுபிடிக்கக் கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள். 7 அடிக் கதவு எச்.ஓ.வில் 24 மி.மீ., ஆள் 2 செ.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு, 10 அடி உயரத் தளம் ஒன்று 35 மி.மீ. உங்களுக்குப் பிடித்த கட்டடத்தை நேர் எதிரே தள்ளி நின்று ஜூம் வைத்துப் படம் எடுத்து, கதவு 24 மி.மீ. வரும்படி அச்சிட்டால் மற்ற அளவுகள் தானாக வந்துவிடும். ஆனால் நீளத்தை அப்படியே எடுக்காதீர்கள். 100 மீட்டர் பிளாட்பாரம் உங்கள் பலகையில் 115 செ.மீ. ஆகிவிடும், ஊருக்கு இடமே இருக்காது. கதவு, ஜன்னல், படி இவற்றின் அளவைக் குறைக்காமல், எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். எட்டு ஜன்னல் உள்ள ஸ்டேஷன் ஐந்து ஜன்னலோடு நின்றாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அதே ஸ்டேஷன்தான்.

நல்ல அட்டையை வெட்டும் முன் பழைய அட்டைப்பெட்டியில் எல்லாக் கட்டடங்களையும் வெறும் டப்பாக்களாகச் செய்து ஒரு வாரம் பலகையில் வைத்துப் பாருங்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான ரயில் பெட்டியைக் கையால் தள்ளிக்கொண்டே வாருங்கள், வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்தும். பிளாட்பாரமும் சுரங்க வாயும் இடிக்குமா என்று அப்போதே தெரிந்துவிடும்.

கூரைக்கு நீங்கள் செலவிடும் நேரம் வீண் போகாது என்று அடித்துச் சொல்வேன். சுவருக்குச் செங்கல் செங்கலாகக் கோடு கிழித்துவிட்டுக் கூரையில் ஒரு வண்ணக் காகிதத்தை ஒட்டி முடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது, ஏனென்றால் மாதிரி ஊரை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். குன்னூரிலும் மேல் ரோட்டில் நின்றால் கீழே தெரிவது தகரக் கூரைகள்தானே. நெளி தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் நிஜத்தில் சுமார் 3 அங்குலம், எச்.ஓ.வில் 0.9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஹார்டுவேர் கடையில் எம்-5 மரையாணிக் கம்பி ஒரு துண்டு வாங்குங்கள், அதன் மரை இடைவெளி 0.8 மி.மீ. கெட்டியான அலுமினிய ஃபாயிலை ரப்பர் ஷீட் மேல் விரித்து, இந்தக் கம்பியை அழுத்தி உருட்டினால் அச்சு அசல் நெளி தகரம். கோடுகள் லேசாகச் சாய்ந்து விழும், அதனால் கோட்டை ஒட்டியே வெட்டுங்கள். பிறகு 8 அடி, 10 அடித் தகடு அளவுக்கு, அதாவது 28 அல்லது 35 மி.மீ. துண்டுகளாக்கி, கீழ் வரிசையிலிருந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிக்கொண்டு போங்கள். ஒரே தகடாக ஒட்டினால் பொம்மைக் கூரை. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு அடிக்காமல், சில தகடுகள் வெளிறியும் சில துருப்பிடித்தும், ஒன்றிரண்டு புதிதாக மாற்றியது போலப் பளபளப்பாகவும் இருக்கட்டும்.

கட்டடத்தை நிலத்தின் மேல் வைக்கக்கூடாது, நிலத்துக்குள் இறக்க வேண்டும். அடியில் மெல்லிய நிழல்கோடு தெரிந்தால் போச்சு, எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் டப்பாதான். அடிப்பரப்பின் அளவுக்கு 5 மி.மீ. குழி எடுத்து உட்கார வைத்து, சுவரோரம் மண் தூவுங்கள். சரிவில் முன்பக்கம் இரண்டு தளம், பின்பக்கம் ஒரு தளம் என்று கட்டி, வீட்டுக்கு வீடு கல் தடுப்புச்சுவரும் படிக்கட்டும் கொடுங்கள். குன்னூர்த் தோற்றத்தைத் தருவது வீட்டின் பாணியைவிட இந்தச் சுவர்களும் படிகளும்தான். மழை வடிந்த கறுப்புத் தாரைக்குக் கறுப்பும் பழுப்பும் நிறையத் தண்ணீரில் கலந்து சுவரில் மேலிருந்து கீழாக ஓடவிடுங்கள்.

தேயிலைக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரே போதும். செடியை இடுப்பளவுக்குக் கவாத்து செய்து மேல்பக்கம் தட்டையாக வைத்திருப்பார்கள் இல்லையா, அதனால் 1 செ.மீ. உயரப் பட்டைகளாக வெட்டி, நுனியைக் கத்தரியால் கொத்திவிட்டு, சரிவின் வளைவை ஒட்டி வரிசையாக நடுங்கள். இடையிடையே சில்வர் ஓக். மரங்களை எல்லோரும் சின்னதாகத்தான் செய்கிறார்கள், 20 மீட்டர் மரம் எச்.ஓ.வில் 23 செ.மீ. வரும்! முன்னால் இரண்டு மூன்று மரங்களை அந்த உயரத்துக்குச் செய்துவிட்டு பின்னால் போகப்போக 15, 10, 6 என்று குறைத்தால் மலை தூரமாகத் தெரியும். பச்சையிலும் அப்படியே, பின்னால் போகப்போக வெள்ளையும் துளி நீலமும் கலந்து மங்கலாக்குங்கள்.

புல்லுக்கு மரத்தூளைச் சலித்து அக்ரிலிக்கில் நனைத்துக் காயவைத்தால் ஆயிற்று. நன்றாகக் காயாத மரத்தூள் நம் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், வெயிலில் இரண்டு நாள் போட்டுவிட்டே பயன்படுத்துங்கள். பிளைவுட் அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட் பிரைமர் அடித்தால் நெளியாது. தண்டவாள ஜல்லிக்கு எம்-சாண்டை மாவுச் சல்லடையில் சலித்து, ஒரு காந்தத்தை அதன் மேல் ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது எஞ்சின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஜல்லியைப் பரப்பியபின் தண்ணீரை ஸ்ப்ரே செய்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு டிராப்பரால் சொட்டவிட்டால் பசை உள்ளே இறங்கும். ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட் அசையும் இடத்தில் மட்டும் பசை படவே கூடாது.

விளக்கு போடுவதாக இருந்தால் கூரையைக் கழற்றும்படி விட்டு, சுவரின் உள்பக்கம் கறுப்பு அடித்துவிடுங்கள், இல்லையென்றால் அட்டை முழுக்க ஒளிரும். 12 வோல்ட் சப்ளையில் வார்ம் ஒயிட் எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும்.

கடைசியாகக் கேஜ். எச்.ஓ.வின் 16.5 மி.மீ. தண்டவாள இடைவெளி என்பது நிஜத்தில் 1,435 மி.மீ. உள்ள ஸ்டாண்டர்டு கேஜ். எச்.ஓ. அளவில் மீட்டர் கேஜ் செய்ய 12 மி.மீ. தண்டவாளம் தனியாக இருக்கிறது, அதற்கு மாறினால் எஞ்சின், பெட்டி எல்லாமே புதிதாக வாங்க வேண்டும். இப்போதைக்கு மாறாதீர்கள். கட்டடமும் மலையும் 87-இல் ஒன்றுதான், பிறகு மாறினாலும் அப்படியே பயன்படும். அதுவரை ஸ்டேஷனுக்குக் குன்னூர் என்று பெயர் வைக்காமல், நீங்களே ஒரு பெயர் வைத்து, மஞ்சள் பலகையில் மூன்று மொழியிலும் எழுதி, கீழே கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்றும் போட்டு பிளாட்பாரத்தின் இரண்டு முனையிலும் நடுங்கள்.