பழைய பேப்பருக்கு 450 ரூபா குடுக்காதீங்க

கொலு பொம்மை செய்ய ஆன்லைன்ல பேப்பர் கூழ் பவுடர் வாங்கினேன், அரை கிலோ 450 ரூபா. காயும்போதே விரிசல், உள்ள பூஞ்சை. ரிட்டர்ன் கிடையாதாம். (கும்பகோணம்)

படிச்சதும் வயிறு எரிஞ்சுதும்மா. போன வருஷம் நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கினேன், தண்ணில கரைச்சு கையில எடுத்து பாத்தா ஒரு துணுக்குல 'ழ' எழுத்து அப்படியே முழுசா இருக்கு, நியூஸ் பேப்பரேதான். எடைக்கு போட்டா நமக்கு கிலோவுக்கு என்ன குடுக்குறாங்க, அதையே அரைச்சு நம்மகிட்டயே இந்த விலைக்கு விக்கிறது அநியாயம்.

முதல்ல பாக்கெட்டை பாருங்க. எடை, எம்ஆர்பி, தயாரிப்பாளர் பேரு, விலாசம் எல்லாம் இருக்கணும்னு 2011 பேக்கேஜ் விதி சொல்லுது. இல்லன்னா போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்.

இனிமே பவுடரே வாங்காதீங்க. எங்க பாட்டி முறத்துக்கு பூசுவாங்களே, அதேதான் இது. நியூஸ் பேப்பரை கிழிச்சு ஒரு ராத்திரி ஊறவச்சு, வெந்தயத்தையும் தனியா ஊறவச்சு ரெண்டையும் சேத்து ஆட்டுக்கல்லுல மையா ஆட்டினா அந்த வெந்தய பிசுபிசுப்பே பசை மாதிரி பிடிச்சுக்கும். வழவழன்னு இருக்கிற கலர் புத்தக பேப்பர் வேண்டாம், சரியா ஊறாது. நல்லா பிழிஞ்சுட்டு மெல்லிசா ஒரு பூச்சு பூசி, அது முழுசா காய்ஞ்ச பிறகுதான் அடுத்தது. மொத்தமா உருட்டி வச்சா வெளிய காய்ஞ்சு சுருங்கும், உள்ள ஈரம் நிக்கும், விரிசலும் பூஞ்சையும் அதனாலதான் வருது.

ரெசின் கிட் வாங்கி கோஸ்டர் (டம்ளர் வைக்கிற தட்டு) ஊத்தினேன், மூணு நாளாச்சு, இன்னும் ஒட்டுது. ரெண்டு பாட்டிலையும் கண்ணளவாதான் கலந்தேன். காசு திரும்ப கிடைக்குமா? (திருப்பூர்)

கிடைக்காது. ரெண்டையும் எந்த அளவுல கலக்கணும்னு பாட்டில்லயே போட்டிருக்கும், படிச்சிருக்கணும். அளவு தப்பினதாலதான் ஒட்டுது.

மைதா பசையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடலாமா? (காரைக்குடி)

வேண்டாம், விஷம். தேவைக்கு மட்டும் அன்னன்னைக்கு காய்ச்சுங்க.

காலி பாட்டில்ல அக்ரிலிக் பெயிண்ட் அடிச்சா உரியுது. 600 ரூபாய்க்கு பிரைமர் (அடிப்பூச்சு) வாங்க சொல்றாங்க. (நாகர்கோவில்)

சோப்பு போட்டு கழுவி, காய்ஞ்சதும் ஸ்பிரிட்ல துடைங்க, அப்புறம் விரல் படக்கூடாது. ஃபெவிகால்ல சாக்பீஸ் தூளை குழைச்சு ஒரு கோட் அடிச்சு காயவிட்டா அதுதான் பிரைமர். 600 ரூபாயை பையிலயே வைங்க.

வீட்டு பொருள்ல நகை செய்ற கிளாஸ்னு 2,500 கட்டினேன், கிட் அனுப்பல, இப்ப நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. அவங்க வேற மாநிலம். வீட்டுக்காரர் திட்டுறார். (ஆரணி)

திட்டு வாங்க வேண்டியது நீங்க இல்லம்மா, காசை வாங்கிட்டு ஓடினவங்க. பணம் கட்டின ரசீது, சாட், விளம்பரம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, எதையும் அழிக்காதீங்க. முதல்ல 1930 சைபர் ஹெல்ப்லைனுக்கு சொல்லுங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் கமிஷன்லயே (நுகர்வோர் கோர்ட்) கேஸ் போடலாம், அவங்க ஊருக்கு அலைய வேண்டாம், வக்கீலும் கட்டாயமில்ல. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சின்ன தொகைதானேன்னு விட்றாதீங்க, நாளைக்கு வேற ஒரு பொண்ணுகிட்ட இதே 2,500ஐ வாங்குவாங்க.