மகள் சோலார் படிக்கட்டுமா? அம்பத்தூர் அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா,

வீட்டு சோலார், பேட்டரி, ஸ்மார்ட் ஹோம் மூன்றையும் சேர்த்துச் செய்கிற வேலைக்குத்தான் போவேன் என்று மகள் நிற்கிறாள். சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. நடுவில் ஒரு பயிற்சி நிலையம் ஓராண்டு 'சோலார் ஸ்மார்ட் டிப்ளமோ' என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சம்பளத்தில் கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். மகளின் ஆசை நியாயமானது. அந்தப் பயிற்சி நிலையம் வேண்டாம். அவள் ட்ரிபிள் இ, அதாவது மின்னியல் மற்றும் மின்னணுப் பொறியியல் படிக்கட்டும்.

ஏன் என்று விளங்க, அந்த வேலை என்ன என்று முதலில் பார்க்கலாம். மொட்டை மாடியில் பேனல் மாட்டுவதுதான் சோலார் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். மாட்டத் தெரிந்தவர்கள் சென்னையில் போதுமான அளவு இருக்கிறார்கள். பேனலும், அதன் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வெர்ட்டரும், பேட்டரியும் வீட்டு மோட்டாரும் ஏசியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டிய இடத்தில்தான் விவரம் தெரிந்தவர்கள் குறைவு.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், நாளுக்கு 10 யூனிட். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் 12 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது குறையும், கோடையில் கூடும். கணக்குப்படி வீட்டுக்குப் போதும். ஆனால் வெயில் இருக்கும்போது நீங்கள் வேலையில், பிள்ளைகள் பள்ளியில். கரண்ட் தேவைப்படுவது ராத்திரி. நெட் மீட்டர் வைத்த வீட்டில் பகலில் மிஞ்சுவது ஈபி லைனுக்குப் போய் பில்லில் கழிகிறது, அதனால் பணக்கணக்கில் பிரச்சினை இல்லை.

பிரச்சினை கரண்ட் போகும்போது வருகிறது. ஈபி லைனோடு சேர்ந்தே ஓடுகிற சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், அந்த லைன் நின்ற அடுத்த நொடியே தானும் நின்றுவிடும். உச்சி வெயிலில், மாடி நிறைய பேனல் இருக்க, கீழே ஃபேன் சுற்றாது. லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது நம் வீட்டிலிருந்து மின்சாரம் போய் அவரைத் தாக்கிவிடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. சரியான ஏற்பாடு. ஆனால் 'சோலார் போட்டால் கரண்ட் கட்டே இருக்காது' என்று விற்றவர் இதைச் சொல்லாமல் விட்டால் வாங்கியவர் ஏமாந்துதான் போவார்.

ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வருவது இங்கேதான். கட்டின்போது வீட்டை லைனிலிருந்து பிரித்துக்கொண்டு, உள்ளே மட்டும் கரண்ட் கொடுக்கும். 5 கிலோவாட்-அவர் (5 யூனிட்) லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரியில் ஏறக்குறைய நாலரை யூனிட் எடுக்கலாம். (பழைய டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறைந்துவிடும்.) நாலு ஃபேன், ஃபிரிட்ஜ், சில விளக்குகள், வைஃபை எல்லாம் சேர்ந்து 400 வாட் என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதனுடன் ஒன்றரை டன் ஏசியையும் போட்டால் மூன்று மணி நேரம்கூட வராது. விடியும்வரை ஃபேனா, நள்ளிரவுவரை ஏசியா? இதை வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு கட்டின்போதும் ஓடி ஓடி முடிவெடுக்க முடியாது. பேட்டரி 60 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏசியை நிறுத்து, கீசருக்குக் கரண்ட் கொடுக்காதே, ஃபிரிட்ஜைத் தொடாதே என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் இந்தத் துறையில் ஸ்மார்ட் ஹோம். குரல் கொடுத்தால் விளக்கு எரிவது எல்லாம் அதற்கு அப்புறம்.

சம்ப்பிலிருந்து மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரைப் பாருங்கள். பேனல் அதிகம் தருகிற பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் அது ஓடுவதுதான் லாபம். கைபேசியில் நேரத்தைக் குறித்துவிடலாம், எளிது. ஆனால் ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது எடுப்பது ஏறக்குறைய 1,000 வாட், கிளம்பும் நொடியில் எடுப்பதோ அதைப்போலப் பல மடங்கு. அதைத் தாங்காத இன்வெர்ட்டர் டிரிப் ஆகும். கடையில் வாங்கிய ஸ்மார்ட் பிளக்கில் மோட்டாரை மாட்டினால் உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டு, 'ஆஃப்' சொன்னாலும் நிற்காமல் டேங்க் வழியும். நடுவில் கான்டாக்டர் என்ற, பெரிய கரண்டைத் தாங்குகிற சுவிட்ச் போட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். கோடிங் மட்டும் தெரிந்தவருக்கு இது தெரியாது. வயரிங் மட்டும் தெரிந்தவருக்கு இன்வெர்ட்டரிலிருந்து மோட்பஸ் (கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் முறை) வழியாகத் தகவல் எடுக்கத் தெரியாது. உங்கள் மகள் இரண்டும் தெரிந்தவளாக வர முடியும். ஆனால் வரிசை முக்கியம். கோடிங்கை வீட்டில் உட்கார்ந்து, செலவில்லாமல், தவறு செய்து செய்து கற்றுக்கொள்ளலாம். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், பவர் எலக்ட்ரானிக்ஸ் இவற்றை லேபில், சொல்லித்தர ஆள் பக்கத்தில் நிற்கத்தான் கற்க முடியும். அதனால்தான் ட்ரிபிள் இ என்கிறேன்.

'மானியம் நின்றால் இந்தத் தொழிலும் நின்றுவிடாதா?' என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைத்தது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் உச்சம் 78,000. அதன் காலம் 2026-27 நிதியாண்டுவரை. மகள் படிப்பை முடிக்கும்போது இதே மானியம் இருக்கும் என்று நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆனால் இன்று மாட்டுகிற பேனலின் மின் உற்பத்திக்கு 25 ஆண்டு உத்தரவாதம். அதற்குள் இன்வெர்ட்டரை ஒரு முறையாவது மாற்ற நேரும், பேட்டரியையும்தான். மாட்டிய நிறுவனம் இருக்குமோ இல்லையோ, அந்த வீடுகளுக்குப் பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். பேட்டரியின் சார்ஜ் நிலை, சூடு, செல்களின் சமநிலை இவற்றைக் கவனிக்கிற மின்னணுப் பகுதியை பிஎம்எஸ் என்பார்கள். வீட்டு பேட்டரியிலும் மின்சார ஸ்கூட்டரிலும் அதன் அடிப்படை ஒன்றே. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பேனல் ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. வீட்டு சோலார் மந்தமானாலும் அவள் படிப்பு வீணாகாது.

தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவாகவே இருக்கும். இதை உங்களிடமும் மகளிடமும் மறைக்க விரும்பவில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் உறவினர் வீட்டு விசேஷங்களில் இந்த ஒப்பீட்டைக் கேட்க வேண்டியிருக்கும். மின் வேலைக்கான உரிமமும் அனுபவமும் சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறும்.

'பெண் பிள்ளை மாடி ஏறி வேலை செய்வதா?' என்று அவள் அம்மா அழுததாக எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தான் வேண்டும், அம்மா. டிசைன், கண்காணிப்பு, பேட்டரி சோதனை என்று உட்கார்ந்து செய்கிற வேலைகள் இந்தத் துறையில் நிறைய உண்டு. பெண்கள் பலரை நேராக அங்கேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். அது நல்லதல்ல. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலை நாலு மணிக்கு எங்கே விழும், பக்கத்து வீட்டுத் தென்னை அடுத்த வருடம் எவ்வளவு மறைக்கும் என்பதெல்லாம் மாடியில் நின்று பார்த்தவருக்குத்தான் கண்ணில் படும். பேனல் தெற்கு பார்த்து, சென்னைக்கு ஏறக்குறைய 13 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். தாங்குகிற இரும்புச் சட்டம் நொடிக்கு 50 மீட்டர் காற்றுக்குக் கணக்கிட்டிருக்க வேண்டும், சென்னைக்கு இந்தியத் தரநிலை சொல்வது அது. 2016 டிசம்பர் வர்தா புயலை நாம் எல்லோரும் பார்த்தவர்கள். திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் உப்புக் காற்றில் சாதாரணப் பெயின்ட் அடித்த சட்டம் சீக்கிரமே துருப்பிடிக்கும், கால்வனைஸ் செய்ததுதான் வேண்டும். முதல் இரண்டு ஆண்டு வெயிலில் நின்று இதைக் கற்ற பெண் பிறகு எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவள் சொல் எடுபடும்.

உங்கள் பயம் விழுந்துவிடுவாளோ என்பதாக இருந்தால், அதை நிறுவனத்திடம் கேள்வியாகக் கேளுங்கள். பாதுகாப்பு பெல்ட் தருகிறீர்களா? அதைக் கட்ட மாடியில் உறுதியான பிடிப்பு வைக்கிறீர்களா? விபத்துக் காப்பீடு உண்டா? சைட்டில் பெண்களுக்குக் கழிவறைக்கு என்ன ஏற்பாடு? பதில் மழுப்பலாக வந்தால் அந்த நிறுவனம் ஆணுக்கும் வேண்டாம். பகலில் வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் குடும்பங்கள், சர்வீஸுக்குப் பெண் பொறியாளர் வந்தால் நிம்மதியாகக் கதவைத் திறக்கின்றன என்பதையும் அவள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இப்போது பணம். மகள் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதோடு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் உண்டு. கடன் வாங்கி ஓராண்டு சான்றிதழ் வாங்குவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

கலந்தாய்வில் அவள் கேட்கும் கல்லூரி கிடைக்காவிட்டால் மூலையில் இருக்கும் ஏதோ ஒரு கல்லூரியில் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். ப்ளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். தரமணி மத்திய பாலிடெக்னிக் போன்ற அரசுக் கல்லூரியில் இரண்டே ஆண்டில் மின்னியல் டிப்ளமோ. பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். நடுவில் ஓராண்டு உதவித்தொகையோடு தொழிற்பழகுநராக (அப்ரெண்டிஸ்) இருக்கலாம், அதற்கான தென்மண்டல வாரியமும் தரமணியிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் சுமாரான பி.இ.யைவிட நல்ல டிப்ளமோவும் தொழிற்பழகுநர் அனுபவமும் மேல். சென்னை ஐஐடி 2023-இல் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். பட்டத்தைத் தொடங்கியது. பாடங்கள் இணையவழி, லேப் வேலைகள் வளாகத்தில். ப்ளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், தகுதித் தேர்வு உண்டு. டிப்ளமோவோடு சேர்த்து இழுக்க முடியுமா என்பது அவள் உழைப்பைப் பொறுத்தது. முதல் ஆண்டே வேண்டாம் என்பேன்.

டிப்ளமோ கையில் வந்ததும் கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழுக்கான நிபந்தனைகளைப் பார்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நாளைக்குச் சொந்தமாக ஒப்பந்தத் தொழில் செய்ய அதுதான் வழி திறக்கும். சோலாருக்கென்று தனிப் பயிற்சி வேண்டுமென்றால் அதற்குப் பிறகு எடுக்கலாம். தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015-இல் தொடங்கிய சூர்யமித்ரா பயிற்சி 600 மணி நேரம், ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கானது. அந்தத் தனியார் நிலையம் ஓராண்டில் தருவதாகச் சொல்வதில் பெரும்பகுதியை இவர்கள் மூன்று மாதத்தில் தருகிறார்கள். மின்னியல் அடிப்படை ஏற்கெனவே இருக்கிறவர்களை எடுத்துக்கொள்வதால்தான் அது முடிகிறது.

கல்லூரி திறக்கும்வரை சும்மா இருக்க முடியவில்லை என்கிறாளாமே. ஒரு நோட்டில் ஈபி மீட்டர் ரீடிங்கைக் காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து என்று தினம் எழுதச் சொல்லுங்கள். எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு மாதத்தில் அவளே கண்டுபிடிப்பாள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சின்ன கம்ப்யூட்டர் போர்டு கிடைக்கும். அதில் சென்சார் மாட்டி, டேங்கில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கைபேசிக்கு வரவைக்கட்டும். ஐந்து வோல்ட்டுக்குள் மட்டும். வீட்டு மெயின் பக்கமோ, யார் வீட்டு சோலார் வயர் பக்கமோ கை போகக்கூடாது. வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது, வரிசையாக இணைத்த பேனல்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஓடும், அதன் தீப்பொறி லேசில் அணையாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்ததற்கான சான்றிதழை இந்த வாரமே தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும், கடைசி நேரத்தில் அலைய நேரிடும். சாதி, வருமானச் சான்றிதழ்களும் கையில் இருக்கட்டும். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் தனி, பாலிடெக்னிக்குக்குத் தனி. இரண்டையும் போட்டுவிடுங்கள். பயிற்சி நிலையத்திலிருந்து 'இன்றே கட்டினால் தள்ளுபடி' என்று மறுபடி அழைத்தால், மகள் கலந்தாய்வுக்குப் போகிறாள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுங்கள்.