மணிக்கு ஃபிட்ஸ் வருகிறது, வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: எங்கள் தெருச் சாக்கடை ஓரம் கிடந்த ஆறு மாதக் குட்டியைக் காப்பகத்தில் சேர்த்து ஆறு வாரம் ஆகிறது. மணி என்று பெயர் வைத்தோம். டிஸ்டெம்பர் என்று நாய்களுக்கு வரும் ஒரு வைரஸ் நோய் என்றார்கள். சளியும் பேதியும் நின்றுவிட்டன. ஆனால் மூன்று வாரமாக ஃபிட்ஸ் வருகிறது, ஒரு கால் தூக்கத்தில்கூடத் துடிக்கிறது. தனி அறையில் போட்டு, கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்க விடுகிறார்கள். பாவமாக இருக்கிறது, வீட்டுக்கே தூக்கி வந்துவிடலாமா? மாமியார் அது வெறிநாய், ஊசி போட்டு முடித்துவிடு என்கிறார். வீட்டில் மூன்று வயது நாய் ஒன்று இருக்கிறது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இப்போது வேண்டாம். சளி நின்றுவிட்டால் வைரஸும் போய்விட்டது என்று அர்த்தமில்லை, சில நாய்கள் தேறிய பிறகும் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட அதைப் பரப்பிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டு நாய்க்கு ஊசி போட்டாச்சு என்பீர்கள். எந்த ஊசி? முகாமில் போடுவது பெரும்பாலும் ரேபிஸ் (வெறிநாய் நோய்) ஊசி மட்டும்தான், அது டிஸ்டெம்பரைத் தடுக்காது. டிஸ்டெம்பருக்கு, பார்வோ என்ற இன்னொரு வைரஸ் நோயோடு சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி வேறு. அட்டையை எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். மனிதருக்கு டிஸ்டெம்பர் தொற்றாது, ஆனால் உங்கள் கையிலும் புடவையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டு நாயிடம் போகும். கம்பிக்கு வெளியே நிறுத்துவது அதற்காகத்தான். ஒழுங்கான காப்பகத்தில் தனி அறைக்குத் தனித் தட்டு, தனிச் செருப்பு இருக்கும், மற்ற நாய்களை எல்லாம் கவனித்துவிட்டுக் கடைசியாகத்தான் அந்த அறைக்குள் போவார்கள்.

அப்புறம் மாமியார் சொல்வது. ரேபிஸ் அறிகுறி தெரிந்த நாய் பொதுவாகப் பத்து நாளைத் தாண்டாது, மணி மூன்று வாரம் தாண்டிவிட்டான். ஆனால் அவர் பயப்படுவதில் தப்பில்லை. தெருவில் ஒரு நாய் வாயில் நுரை தள்ளி இழுத்துக்கொண்டு கிடந்தால், அது டிஸ்டெம்பரா ரேபிஸா என்று பார்த்த மாத்திரத்தில் என்னாலும் சொல்ல முடியாது. பல் பட்டாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான், ஊசி இலவசம்.

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. டிரிப்ஸ், கூடவே வரும் நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக், வலிப்புக்குத் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை (ஃபிட்ஸ் நின்றுவிட்டது என்று இதைத் திடீரென நிறுத்தவே கூடாது), மீதியெல்லாம் பணிவிடைதான்: கண் பீளையை வெதுவெதுப்பான நீரில் துடைப்பது, மூக்கு அடைத்தால் வாசனை தெரியாதே என்று சோற்றைச் சூடாக்கி வைப்பது, எழ முடியாத நாயைப் படுக்கைப்புண் வராமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது. இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் உங்கள் வீட்டில் யார் பார்ப்பது?

நோய் நரம்பைத் தொட்டுவிட்டால் பல குட்டிகள் பிழைப்பதில்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கால் துடிப்பதற்காக மட்டும் ஊசி போட்டு முடிப்பது அவசரம். அந்தத் துடிப்பு சில நாய்களுக்கு ஆயுள் முழுக்க இருக்கும், அதோடேயே சாப்பிட்டு, வாலாட்டி வாழ்ந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். காப்பக மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: தானாகச் சாப்பிடுகிறானா, எழுந்து நிற்கிறானா, மாத்திரைக்கு வலிப்பு குறைகிறதா? மூன்றுக்கும் இல்லை என்று வந்து, வலிப்பு ஒன்று முடியுமுன் அடுத்தது வருகிற நிலை என்றால், கருணைக்கொலை பற்றி அவரே பேசுவார். அப்போது சண்டை போடாதீர்கள்.

அதுவரை வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள், கம்பிக்கு வெளியே இருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். போகும்போது பழைய பருத்திப் புடவைகளும் செய்தித்தாளும் கொண்டுபோனால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மணி அறைக்குள் போன புடவையைத் துவைத்துத் தருகிறேன் என்று வீட்டுக்கு வாங்கி வராதீர்கள்.